செவஸ்தோபோல் முற்றுகை, 1855: ஒரு கல்லச்சுப் படமும் மதிலின் மறுபக்கமும்

குன்னூர்க்காரன்

வணக்கம் நண்பர்களே. போன மாதம் இங்கே ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்து சாமான்களை ஏலம் விட்டார்கள். நான் போனது ஒரு தேக்கு அலமாரிக்காக. அலமாரி என் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. அதன் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு படத்தை யாரும் கேட்கவில்லை. அதை நான் எடுத்து வந்தேன்.

ஏறக்குறைய ஒரு முழ அகலம். ஓரமெல்லாம் பழுத்திருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் டபிள்யூ. சிம்ப்சன் என்று ஓவியர் பெயர். கோல்னாகி, லண்டன், 1855 என்று வெளியீட்டாளர். டே அண்ட் சன் என்று அச்சகம். தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'தளவாடத் துறையின் சிரமங்கள்: பாலக்லாவாவிலிருந்து செவஸ்தோபோல் போகும் சாலை, காடிகோய் அருகே, மழைக்காலத்தில்.'

முற்றுகைப் படம் என்றால் கோட்டை இருக்கும், பீரங்கி இருக்கும், ஏணி வைத்து ஏறும் ஆட்கள் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இதில் இருப்பது சேறு. வண்டிகள் சேற்றில் மாட்டியிருக்கின்றன, மாடும் குதிரையும் மனிதர்களும் திணறுகிறார்கள். மலைச் சாலையில் ஐப்பசி மழையில் லாரி புதைந்து நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறவன் நான். அதனால்தானோ என்னவோ, இந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

எனக்கு இரண்டு கேள்விகள். இது அசல் கல்லச்சுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மாபெரும் முற்றுகையை வரையப் போன ஆள் ஏன் சேற்றை வரைந்தார்?

பீரங்கிப்பிரியன்

அருமையான படம் கிடைத்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

கிரிமியப் போர் 1853 முதல் 1856 வரை நடந்தது. ஒருபுறம் ரஷ்யா. மறுபுறம் துருக்கி, பிரிட்டன், பிரான்ஸ், பிறகு சார்டீனியா. ரஷ்யாவின் கருங்கடல் கப்பற்படைக்கு வீடு செவஸ்தோபோல் துறைமுகம். அதை அழித்துவிட்டால் போர் முடிந்தது என்று கணக்குப் போட்டு, 1854 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் அந்தத் துறைமுகம் இருக்கும் கிரிமியாத் தீபகற்பத்தில் இறங்கின. செப்டம்பர் 20 அன்று அல்மா ஆற்றங்கரையில் வென்றார்கள். சில வாரங்களில் ஊரைப் பிடித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அக்டோபர் 17-இல் முதல் குண்டுமழை. ஊரின் தென்பகுதி விழுந்தது அடுத்த ஆண்டு செப்டம்பரில்.

சில வாரங்கள் ஏன் பதினோரு மாதங்கள் ஆயின? காரணம் மண். செவஸ்தோபோலின் கடல் பக்கத்தில் கல் கோட்டைகள் வலுவாக இருந்தன. தரைப் பக்கம் கிட்டத்தட்ட திறந்து கிடந்தது. ரஷ்யர்கள் தங்கள் ஏழு பழைய கப்பல்களைத் துறைமுக வாயிலிலேயே மூழ்கடித்துக் கடல் வழியை அடைத்தார்கள். தோட்லெபென் என்ற ரஷ்யப் பொறியாளர் மாலுமிகள், சிப்பாய்கள், ஊர்ப் பெண்கள் என எல்லோரையும் இறக்கி, இரவு பகலாகத் தரைப் பக்கம் மண் அரண்களை எழுப்பினார். கல் மதில் குண்டு பட்டால் உடைந்து சிதறும். மண் அரண் குண்டை விழுங்கிக்கொள்ளும். பகலில் எதிரி பெயர்த்ததை இரவில் மறுபடி கொட்டிச் சரிசெய்துவிடலாம். தினமும் அதைத்தான் செய்தார்கள்.

இப்போது உங்கள் சேறு. பிரிட்டிஷ் படைக்குச் சோறும் துணியும் குண்டும் வந்து இறங்கிய ஒரே துறை பாலக்லாவா. அங்கிருந்து முகாம் மேட்டுக்கு ஆறேழு மைல். 1854 நவம்பர் 14-இல் ஒரு பெரும் புயல் அடித்தது. 'பிரின்ஸ்' என்ற கப்பல் படைக்கு வந்த குளிருடுப்புகளோடு மூழ்கிவிட்டது. அப்புறம் மழை, பனி. சாலை கூழானது. தீவனம் இல்லாமல் வண்டி மாடுகளும் குதிரைகளும் செத்தன. துறைமுகத்தில் மூட்டைகள் மலையாகக் குவிந்து கிடக்க, ஆறேழு மைல் தள்ளி சிப்பாய்கள் பசியில் கிடந்தார்கள். அந்த ஆறேழு மைல்தான் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

நீங்கள் காப்பி விளைகிற ஊர்க்காரர், இதைக் கேட்டால் வயிறு எரியும். அந்தக் குளிர்காலத்தில் சிப்பாய்களுக்குப் பச்சைக் காப்பிக் கொட்டையைக் கொடுத்தார்கள். வறுக்காதது. வறுக்கச் சட்டியும் கிடையாது, விறகும் கிடையாது. நனைந்த வேர்களைத் தோண்டி எடுத்து, தகரத் தட்டில் வைத்துக் கருக்கி, பீரங்கிக் குண்டால் நசுக்கிக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள்.

கல்லச்சுத் தாத்தா

தம்பி, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். என் தகப்பனார் சிவகாசியில் லித்தோ அச்சகத்தில் கல் தேய்த்தவர். சிறுவயதில் நானும் கூடமாட நின்றிருக்கிறேன். ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபென் ஊர்ச் சுண்ணாம்புக்கல்தான் உலகம் முழுக்கப் போன கல். ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

வேலை இப்படி நடக்கும். ஒரு கல்மேல் இன்னொரு கல்லைக் கவிழ்த்து, நடுவில் மணலும் தண்ணீரும் விட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார்கள். கல்லின் முகம் மெல்லிய சொரசொரப்போடு வரும். அதன்மேல் கொழுப்புக் கலந்த கறுப்புக் கட்டியால் ஓவியர் வரைவார். அச்சில் இடம் வலமாக மாறிவிடும் என்பதால் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவது மாதிரி இடம் வலம் மாற்றி வரைய வேண்டும். பிறகு பிசினும் கொஞ்சம் நைட்ரிக் அமிலமும் கலந்து பூசுவார்கள். கொழுப்பு பட்ட இடம் மசியைப் பிடிக்கும், படாத இடம் தண்ணீரைப் பிடிக்கும். கல்லை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மசி உருளையை ஓட்டினால் கோடுகளில் மட்டும் மசி ஏறும். கல்லில் பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விஷயத்தை வைத்து 1790-களின் கடைசியில் செனெஃபெல்டர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தது இது.

நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நிழல் விழுந்த இடத்தைப் பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்காலத்து நகல். ஒழுங்கில்லாமல், பொடித்த கரியைத் தூவியது மாதிரி துகள் துகளாக இருந்தால் அது கல்லின் சொரசொரப்பு. சந்தோஷப்படுங்கள்.

இன்னொன்று. சிம்ப்சன் படங்களில் பெரும்பாலும் கறுப்புக்கு ஒரு கல், மங்கலான சாயத்துக்கு இன்னொரு கல் இருக்கும். சாயக் கல்லில் வெளிச்சம் வேண்டிய இடத்தைக் கத்தியால் சுரண்டிவிடுவார்கள். அந்த இடத்தில் வெறும் காகித வெள்ளை தெரியும். வானத்திலும் தண்ணீரிலும் தேடுங்கள்.

படத்துக்குப் பின்னால் மரப்பலகை இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், காகிதத்தை அரித்துப் பழுப்பாக்குவது அதுதான். யார் என்ன சொன்னாலும் லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஐயப்பாடு

எல்லாம் சரி. ஆனால் இந்தப் படங்களைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு, அதை இங்கே வைக்கிறேன்.

சிம்ப்சன் வரிசையில் பேர்போன படம் பாலக்லாவாவில் இலகு குதிரைப்படை பாய்ந்த காட்சி. அந்தப் பாய்ச்சல் நடந்தது 1854 அக்டோபர் 25. சிம்ப்சன் பாலக்லாவாவுக்கு வந்து சேர்ந்தது நவம்பர் நடுவில், நீங்கள் சொன்ன புயல் முடிந்த கையோடு. அவர் அதைப் பார்க்கவே இல்லை. இடத்தைப் போய்ப் பார்த்து, ஆட்களைக் கேட்டு வரைந்தார். வரைந்ததைப் படையை நடத்திய கார்டிகன் பிரபுவிடம் காட்டினார். தப்பு என்று திருப்பிவிட்டார் பிரபு. மாற்றிக்கொண்டு போனார். மறுபடியும் தப்பு. மூன்றாவது முறை பாராட்டுக் கிடைத்தது. அந்த மூன்றாவது படத்தில் தான் அதிகக் கவனம் எடுத்தது பிரபுவைப் படைக்கு முன்னால் எடுப்பாகக் காட்டுவதில்தான் என்று சிம்ப்சனே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அதோடு, அவருடைய ஓவியங்கள் லண்டனுக்குப் போனது தளபதி ராக்லன் பிரபுவின் அரசாங்கத் தபால் பையில். வரிசை முழுவதும் விக்டோரியா அரசிக்குக் காணிக்கை. அந்தப் பையில் ஏறுகிற படத்தில் எவ்வளவு உண்மை ஏறும்?

பீரங்கிப்பிரியன்

கார்டிகன் கதை உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு படத்தை வைத்து ஏறக்குறைய 80 படங்கள் கொண்ட வரிசையைத் தள்ளிவிட முடியாது.

சிம்ப்சன் பிரபு வீட்டுப் பிள்ளை இல்லை. 1823-இல் கிளாஸ்கோவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே கல்லச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். தாத்தா சொன்ன அந்தக் கல்லைத் தொட்டு வளர்ந்த ஆள். அதே வரிசையில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். நோயாளிகளைப் பாலக்லாவா துறையில் படகில் ஏற்றும் படம் இருக்கிறது. துருக்கியில் ஸ்குட்டாரியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக் கூடம் இருக்கிறது, அதில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் நிற்கிறார். பனியில் குடிசைப் பலகைகளையும் கம்பளி உடுப்புகளையும் சுமந்து போகும் சிப்பாய்கள் இருக்கிறார்கள். அதே தபால் பையில்தான் இவையும் போயின. பிரிட்டிஷ் தரப்பில் அந்தப் போரில் இறந்தவர்கள் சுமார் 21,000 பேர். அதில் 16,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது நோய். அந்தப் பெரிய கணக்கு எந்த வழியாக வந்தது என்பதைக் காட்டும் படம் வரிசையிலேயே உங்கள் சேற்றுப் படம்தான் என்பேன். குதிரைப் பாய்ச்சல் படம் அதைக் காட்டவில்லை.

அந்தச் சாலைக்கு முடிவும் வந்தது. 1855 தொடக்கத்தில் பீட்டோ, பிராசி, பெட்ஸ் என்ற ஒப்பந்தக்காரர்கள் இங்கிலாந்திலிருந்து கூலியாட்களையும் தண்டவாளத்தையும் கொண்டு வந்து, சுமார் ஏழு வாரத்தில் ஏழு மைல் ரயில் பாதை போட்டார்கள். பீரங்கிக் குண்டு மேட்டுக்கு ஏறியது அதில்தான். சிம்ப்சன் அந்த ரயிலையும் வரைந்திருக்கிறார். உங்கள் படத்துக்கு அது ஜோடி.

குன்னூர்க்காரன்

பச்சைக் காப்பிக் கொட்டை விஷயத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மார்கழிக் குளிரில் எங்கள் ஊரில் எல்லோரும் தலையில் மாட்டும் மங்கி குல்லாவுக்கு ஆங்கிலத்தில் பாலக்லாவா என்றே பெயராம். அந்தத் துறைமுகத்தின் பெயர்தான். அந்தப் பெயர் பரவியது போருக்குப் பல ஆண்டுகள் கழித்து. ஆனாலும் காதுவரை கம்பளி இழுத்துக்கொண்டு இந்தப் படத்துக்கு முன்னால் நின்றபோது என்னவோ செய்தது.

நொச்சிவேலி

வணக்கம். பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். ராணுவ வரலாறு எனக்குத் தெரியாது. ஆனால் இந்த இழையைப் படிக்கும்போது நம் இலக்கணத்தில் உள்ள ஒரு விஷயம் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

கோட்டைப் போருக்குத் தொல்காப்பியம் வைத்த திணை உழிஞை. அதற்கு அது சொல்லும் இலக்கணம் இரண்டே சொல்: முற்றல், கோடல். வளைப்பது, கொள்வது. வெளியே நிற்பவன் புறத்தோன், உள்ளே இருப்பவன் அகத்தோன். பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை இன்னும் ஒரு படி போய், வளைப்பவனுக்கு உழிஞைப் பூ, உள்ளிருந்து காப்பவனுக்கு நொச்சிப் பூ என்று இரண்டு திணையாகவே பிரித்துவிட்டது. ஒரே மதில், ஒரே நாள், ஆனால் உள்ளே இருப்பவன் நடத்துவது வேறு போர் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அந்தப் பிரிவினை எப்போதுமே பிடிக்கும்.

கோவூர் கிழார் ஆவூர் முற்றுகையைப் பாடும்போது உள்ளே நிற்கிறார். வெளியே எத்தனை யானை, எத்தனை தேர் என்று அவர் எண்ணவில்லை. பால் இல்லாமல் அழும் குழந்தையும், பூ இல்லாமல் வெறுங்கூந்தலை முடியும் பெண்ணும், தண்ணீர் இல்லாத வீடும்தான் அந்தப் பாட்டில் இருக்கின்றன.

அதனால் கேட்கிறேன். நீங்கள் சொல்லும் எல்லாப் படமும் புறத்தோன் படம். சேறும் அவர்கள் சேறு, பசியும் அவர்கள் பசி. செவஸ்தோபோலுக்குள் இருந்தவர்களை யாராவது வரைந்தார்களா? நொச்சிப் படம் ஒன்று உண்டா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த முற்றுகையில் முற்றல் முழுமையாக இருந்ததா?

பீரங்கிப்பிரியன்

டீச்சர், இரண்டாவது கேள்வியில் நேராக நரம்பைத் தொட்டுவிட்டீர்கள். முற்றல் முழுமையாக இல்லை.

செவஸ்தோபோலை ஒரு நீண்ட விரிகுடா இரண்டாக வெட்டுகிறது. ஊரும் கப்பல்துறையும் தென்கரை. எதிரே வடகரை. நேச நாட்டுப் படைகள் தெற்கில் மட்டும்தான் வளைத்திருந்தன. வடகரை கடைசி வரை ரஷ்யர் கையில். அந்த வழியாகவே புதிய படை வந்தது, குண்டு வந்தது, உணவு வந்தது, காயம்பட்டவர்கள் வெளியே போனார்கள். பதினோரு மாதம் தாங்கியதற்குப் பாதிக் காரணம் அது. 1855 மே மாதம் கெர்ச் மீது படை அனுப்பி அசோவ் கடல் வழிச் சரக்கை வெட்டிய பிறகுதான் உள்ளே நெருக்கடி கூடியது.

கோடலும் பாதிதான். செப்டம்பர் 8-இல் ஊரின் முக்கிய அரணான மலாகோவ் குன்று விழுந்ததும், ரஷ்யர்கள் அன்றிரவே விரிகுடாமேல் கட்டியிருந்த மிதவைப் பாலம் வழியாக வடகரைக்குப் போய்விட்டார்கள். போகும்போது வெடிமருந்துக் கிடங்குகளைத் தகர்த்து, மிச்சமிருந்த கப்பல்களையும் மூழ்கடித்துவிட்டுப் போனார்கள். வென்றவர்களுக்குக் கிடைத்தது எரிகிற தென்கரை. 1856 மார்ச் 30-இல் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை வடகரை ரஷ்யரிடமே இருந்தது. தொல்காப்பியர் அளவுகோலில் வைத்தால் அரை முற்றல், அரை கோடல். இருபது வருடமாக இந்தப் போரைப் படிக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக நான் யோசித்ததில்லை.

டாக்டரம்மா தேனி

இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மருத்துவம் படித்தது கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகரில். அங்கிருந்து செவஸ்தோபோல் மின் ரயிலில் இரண்டு மணி நேரம். 2006-இல் முதல் தடவை போனேன்.

நொச்சிப் படம் கேட்ட டீச்சருக்கு: உண்டு. நான் அதற்குள் நின்றிருக்கிறேன். நான்காம் அரண் இருந்த மேட்டில் ஒரு வட்டக் கட்டடம் இருக்கிறது. உள்ளே ஃபிரான்ஸ் ரூபோ வரைந்த சுற்றோவியம். 14 மீட்டர் உயரம், 115 மீட்டர் நீளம். 1905-இல் திறந்தார்கள். படியேறி நடு மேடைக்கு வந்தால் நீங்கள் மலாகோவ் குன்றின் உச்சியில் நிற்கிறீர்கள். காலடியில் நிஜ மண், நிஜக் கூடைகள், உடைந்த பீரங்கி வண்டி. அந்த மண் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியவில்லை. எங்கே திரும்பினாலும் எதிரி வெளியிலிருந்து உங்களை நோக்கித்தான் வருகிறான். புறத்தோனாக நின்று பார்க்க அங்கே இடமே இல்லை.

ஒரு மூலையில் குனிந்து காயத்தைப் பார்க்கும் மருத்துவர் பிரோகோவ். இன்னொரு பக்கம் தண்ணீர் சுமந்து வரும் தாஷா. என் பாடப் புத்தகத்தில் வெறும் பெயராக இருந்தவர் பிரோகோவ். 1854 நவம்பரில் அவர் செவஸ்தோபோல் வந்தபோது பிரபுக்களின் நடன மண்டபம் அறுவைக் கூடமாகியிருந்தது. காயம்பட்டவர்கள் வந்த வரிசையில் கிடந்தார்கள். அவர் வாசலிலேயே பிரித்தார். பிழைக்க மாட்டார் என்பவர் தனி, அவருக்கு வலி தணிப்பும் பக்கத்தில் ஒரு சகோதரியும். உடனே அறுக்க வேண்டியவர் தனி. நாளை பார்க்கலாம் என்பவர் தனி. கட்டுப்போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியவர் தனி. எலும்பு முறிந்த கைகால்களை வெட்டி எறியாமல் மாவுக்கட்டுப் போட்டுக் காப்பாற்றினார், போர்க்களத்தில் அவ்வளவு பெரிய அளவில் அதைச் செய்தவர் அவர்தான். விபத்துப் பிரிவில் இரவுப் பணியில் ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர் வந்து இறங்கும்போது நான் இன்றும் அந்த மண்டப வாசலில்தான் நிற்கிறேன்.

தாஷா ஒரு மாலுமியின் மகள், யாருமில்லாத பெண். அல்மாப் போரிலேயே தானாகப் போய்க் காயங்களுக்குக் கட்டுப் போட்டவள். உள்ளே இருந்தவர்கள் என்றால் இவர்கள்தான், டீச்சர்.

அந்த ஓவியத்துக்கும் ஒரு முற்றுகை வந்தது. 1942 ஜூனில் ஜெர்மானியக் குண்டு பட்டுக் கட்டடம் எரிந்தது. எரிகிற கூடத்துக்குள் சிப்பாய்கள் புகுந்து துணியை வெட்டி எடுத்தார்கள். 86 துண்டுகளைத் 'தாஷ்கென்ட்' என்ற போர்க்கப்பல் ஊரைவிட்டு எடுத்துப் போனது. பிறகு ஓவியர்கள் மறுபடி முழுவதையும் வரைந்து 1954-இல் திறந்தார்கள். நான் பார்த்தது அது.

ஐயப்பாடு

டாக்டரம்மா, மனசைத் தொடும்படி எழுதினீர்கள். ஆனால் ரூபோ வரைந்தது ஐம்பது வருடம் கழித்து. முற்றுகை நடந்தபோதே உள்ளிருந்து வந்த கல்லச்சு ஏதாவது உண்டா?

அப்புறம் ஒரு தேதிக் குழப்பம். அந்தச் சுற்றோவியம் காட்டுவது ஜூன் 6 என்று சில இடத்திலும் ஜூன் 18 என்று சில இடத்திலும் படித்தேன்.

பீரங்கிப்பிரியன்

இரண்டும் ஒரே நாள். ரஷ்யா அப்போது பழைய நாட்காட்டியில் இருந்தது, 12 நாள் வித்தியாசம்.

அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததே ஒரு கணக்கில். 1815 ஜூன் 18 வாட்டர்லூ. நாற்பது வருடம் முன்பு அன்று எதிரெதிரே நின்ற பிரிட்டனும் பிரான்ஸும் இப்போது தோளோடு தோள் நின்று வெல்லலாம் என்று நினைத்தார்கள். விடியலில் ஒரு ராக்கெட் அடையாளம் தரப்படும், அதைக் கண்டு எல்லோரும் பாய வேண்டும் என்பது திட்டம். பிரெஞ்சுத் தளபதி மேரான், திரி எரிந்துகொண்டு பறந்த ஒரு சாதாரணக் குண்டை ராக்கெட் என்று நினைத்துவிட்டார். நேரத்துக்கு முன்பே தன் படையோடு தனியாகப் பாய்ந்தார். ரஷ்யர்கள் விழித்துக்கொண்டார்கள். மேரான் அங்கேயே செத்தார். மலாகோவிலும் ரெடான் என்ற இன்னொரு ரஷ்ய அரணிலும் இரண்டு படையும் அடிவாங்கித் திரும்பின. பத்து நாளில் ராக்லன் பிரபுவும் நோயில் இறந்தார்.

செப்டம்பர் 8-இல் அந்தத் தவறைத் திரும்பச் செய்யவில்லை. ராக்கெட் வேண்டாம் என்று விட்டு, தளபதிகள் எல்லோரும் கடிகாரத்தை ஒரே நேரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். நேரம் நண்பகல். மலாகோவில் காவல் மாறுவது அப்போதுதான் என்று பிரெஞ்சுக்காரர்கள் கவனித்து வைத்திருந்தார்கள். பழைய காவல் வெளியேறி, புதிய காவல் முழுதாக உள்ளே வராத சில நிமிடங்கள். பதுங்குகுழியையும் குன்றின் அகழி விளிம்புக்கு சுமார் 25 மீட்டர் வரை தோண்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பிரெஞ்சுத் தளபதி மக்மாஹோனின் படை பத்து நிமிடத்தில் உள்ளே கொடி நட்டது. அதே நேரம் ரெடானைத் தாக்கிய பிரிட்டிஷ்காரர்கள் இருநூறு கஜத்துக்கு மேல் திறந்த வெளியில் ஓட வேண்டியிருந்தது. தோற்றார்கள். பல மாதம் மண்வெட்டி பிடித்தவர்கள் எவ்வளவு தூரம் தோண்டினார்கள் என்பதே அந்த நண்பகலைத் தீர்மானித்தது.

டாக்டரம்மா தேனி

ஐயப்பாடு கேட்டது உண்டு. வசீலி திம். பீட்டர்ஸ்பர்கில் 1851 முதல் 1862 வரை 'ரஷ்யக் கலைத் தாள்' என்று கல்லச்சுப் படங்களோடு ஒரு வெளியீடு நடத்தினார். முற்றுகைக் காலத்திலேயே செவஸ்தோபோலுக்குப் போய் வரைந்து கொண்டு வந்து அதில் அச்சிட்டார்.

அதில் ஒரு தாள் எனக்கு ரொம்பப் பிடித்தது. தளபதி யாரும் இல்லை, ஐந்து சாதாரண ஆட்கள் மட்டும். அதில் ஒருவர் மாலுமி பியோத்தர் கோஷ்கா, பண்ணையடிமைக் குடும்பத்துப் பிள்ளை. இரவில் எதிரிப் பதுங்குகுழிக்குள் ஊர்ந்து போய் வருவதில் கைதேர்ந்தவர். அவரைப் பற்றி இன்றும் சொல்லும் ஒரு சம்பவம்: இறந்த ரஷ்யச் சிப்பாய் ஒருவரின் உடலை எதிர்த்தரப்பு தன் குழிமேட்டில் இடுப்புவரை நிற்கவைத்திருந்தது. ரஷ்யர் சுட்டால் தங்கள் ஆளையே சுட வேண்டும். கோஷ்கா அழுக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஊர்ந்து போய், அந்த உடலை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். துரத்தி வந்த குண்டுகள் பட்டது அந்த உடலில். கொண்டு வந்து அடக்கம் செய்தார்கள்.

ஐயப்பாடு

தேடிப் பார்த்தேன், இணையத்தில் அந்தத் தாள் கிடைக்கிறது. நேரே நம்மைப் பார்க்கிற முகங்கள். திம் படமும் அரசாங்கத் தணிக்கையைத் தாண்டி வந்ததுதான், அந்தச் சந்தேகத்தை நான் விடவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மாறிவிட்டேன். ஒரு கல் பொய் சொல்கிறதா உண்மை சொல்கிறதா என்று தனியாக வைத்துக் கேட்டதுதான் என் தவறு. லண்டன் கல்லையும் பீட்டர்ஸ்பர்க் கல்லையும் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் விடுபட்ட ஆட்கள் மற்றதில் இருக்கிறார்கள். திம் தாளில் பாலக்லாவாச் சேறு கிடையாது. சிம்ப்சன் படங்களில் கோஷ்காவின் முகம் கிடையாது, அவர் கிளப்பிய புகை மட்டும்தான் தூரத்தில் தெரிகிறது.

நொச்சிவேலி

டாக்டரம்மாவுக்கு நன்றி. இந்த வருடம் பதினொன்றாம் வகுப்பில் புறத்திணை நடத்தும்போது அந்த இரண்டு படத்தையும் திரையில் போட்டுக் காட்டப் போகிறேன். எது உழிஞை, எது நொச்சி என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

குன்னூர்க்காரன்

தாத்தா சொன்னபடி நேற்று இரவு கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். புள்ளி வரிசை எங்கும் இல்லை. வண்டிக்கு அடியில் நிழல் முழுக்கத் துகள்தான், பொடித்த கரியேதான். பலகையையும் கழற்றிவிட்டேன். அது போட்ட பழுப்புக் கோடு காகிதத்தின் பின்பக்கம் அப்படியே பதிந்திருக்கிறது.

அப்புறம் அந்த வெள்ளை. வானத்தில் கொஞ்சம் இருந்தது. கீழே சாலையில் தேடினேன். சக்கரத் தடத்தில் தேங்கிய தண்ணீரில் மெல்லிய கீறல்களாக வெள்ளை ஓடுகிறது. மழைத்தண்ணீரில் வானம் தெரிகிற வெளிச்சம். அதற்காகவே ஒருவர் லண்டனில் கல்லைக் குனிந்து பார்த்துக் கத்தியால் சுரண்டியிருக்கிறார். அவர் கிரிமியாவைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் மழைத்தண்ணீர் தேங்கிய வண்டித்தடம் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

திம் தாளின் நல்ல நகல் ஒன்றை அச்செடுக்கக் கொடுத்திருக்கிறேன். சிம்ப்சனுக்குப் பக்கத்தில் மாட்ட இடம் ஒதுக்கி ஆணியும் அடித்துவிட்டேன். தாத்தா, சட்டத்துக்குப் பின்னால் பலகைக்குப் பதில் என்ன வைக்கலாம், அமிலம் இல்லாத அட்டை எங்கே கிடைக்கும்?

கல்லச்சுத் தாத்தா

புத்தகப் பாதுகாப்புச் சாமான் விற்கிற கடைகளில் அமிலமில்லாத அட்டை என்று கேளுங்கள், சென்னையில் கிடைக்கும். கண்ணாடி காகிதத்தைத் தொடக்கூடாது, நடுவில் ஒரு நெல் கனமாவது இடைவெளி இருக்கட்டும். குன்னூர் ஈரத்துக்கு வெளிச்சுவர் வேண்டாம், உள்சுவரில் மாட்டுங்கள். வெயில் படுகிற இடமும் வேண்டாம். தண்ணீரில் வெள்ளை கிடைத்தது என்று படித்ததும் என் அப்பாவின் சுரண்டுகத்தி ஞாபகம் வந்துவிட்டது, தம்பி. பரண்மேல் இருக்கிறது, நாளைக்கு எடுத்துப் படம் பிடித்துப் போடுகிறேன்.